சைக்கிளுக்குத் தடை வேண்டும், படிப்புக்குத் தடை வேண்டாம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று கல்விக்குப் போகிற வழியைப் பற்றிப் பேசப் போகிறேன். வழி என்றதும் ஏதோ தத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் லயத்து வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கிடக்கிறதே, அந்தத் தார் ரோட்டைத்தான் சொல்கிறேன். அந்த ரோட்டில் ஓடுகிற சைக்கிளைத்தான் சொல்கிறேன். “இதைப் பேசவா மேடை ஏறினார்?” என்று யாரும் சிரிக்க வேண்டாம். பேச்சு முடியும்போது நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

தானா ராத்தா என்ற மலாய்ப் பெயருக்குப் பொருள் என்ன? சமதரை. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த இடத்தில், இந்தத் துண்டு நிலம் மட்டும் கொஞ்சம் சமமாகக் கிடக்கிறது. வடக்கே பிரிஞ்சாங் போனால் ஏற்றம். தெற்கே ரிங்லெட் போனால் இறக்கம். 1931ஆம் ஆண்டில் தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்ததே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர், அதில் வளைவு எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்கள் தலைசுற்றி எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள். நம் தோட்டங்களோ அந்தச் சாலையிலிருந்தும் உள்ளே தள்ளி, மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கின்றன.

ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் எல்லாப் பிள்ளைகளும் சைக்கிளில் பள்ளிக்கு வரலாம் என்று நான் சொல்ல மாட்டேன். செங்குத்தான, குறுகலான தோட்டத்துச் சாலையில் எட்டு வயதுப் பிள்ளையை சைக்கிளில் அனுப்புவது புத்திசாலித்தனம் ஆகாது. அவர்களுக்கு வேன்தான் சரி. ஆனால் டவுன் பக்கத்தில் குடியிருக்கிற பெரிய பிள்ளைகளுக்கு, லயத்திலிருந்து பஸ் நிற்கும் சந்தி வரை வந்து போகிற பிள்ளைகளுக்கு, சைக்கிள் ஒரு நல்ல துணை. நடக்கிற அதே சிரமத்தில், நடையைப் போல மூன்று மடங்கு வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எண்ணெய் கேட்காது. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அதன் அருமை இன்னும் தெரியும்.

அது எப்படி என்று கேட்கிறீர்களா? இடைநிலைப்பள்ளியில் பாடம் முடிந்ததும் புறப்பாட நடவடிக்கை இருக்கும். தேர்வு நெருங்கினால் கூடுதல் வகுப்பு இருக்கும். நூலகம் இருக்கும். வேன்காரர் என்ன செய்வார் பாவம்? அவருக்கு ஒரு நேரம்தான். பிள்ளை வேனைப் பிடிக்க ஓடி வந்துவிடும். கூடுதல் வகுப்பு போகும், பந்து விளையாட்டு போகும், நூலகம் போகும். ஒரு நாள் போனால் பரவாயில்லை. ஐந்து வருடமும் இப்படியே போனால்?

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் ஒரு வித்தியாசத்தைப் பார்க்கிறேன். மகன் கேட்டால் எப்பாடு பட்டாவது பழைய சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். மகள் கேட்டால், “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குமா சைக்கிள்? பேசாம வேன்ல போ” என்று முடித்துவிடுகிறோம். மகளுக்கு எங்கே போனாலும் தடை. மகனுடைய சைக்கிளில் பார்த்தால் தடையே கிடையாது! பிரேக் ரப்பர் தேய்ந்து போயிருக்கும், கம்பி அறுந்து தொங்கும். அந்த சைக்கிளில்தான் அவன் மலை இறங்கிக்கொண்டிருப்பான். தடை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதலில் பெண் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன். அதற்காக உங்களைக் கொஞ்ச நேரம் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே புதுக்கோட்டை என்று ஒரு மாவட்டம். மழை குறைந்த, வறண்ட பூமி. 1991ஆம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, அவர்கள் நினைத்த இடத்துக்குத் தாமாகப் போய்வர வேண்டும் என்று எண்ணி, சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அந்த இயக்கத்தோடு சேர்த்தார்கள்.

யார் யார் கற்றுக்கொண்டார்கள் தெரியுமா? வயலில் கூலி வேலை செய்த பெண்கள். கல் குவாரியில் கல் உடைத்த பெண்கள். கிராமத்துச் செவிலியர்கள். ஆம்பளைகள் சிலர் கேலி செய்தார்கள், காது கூசும்படி பேசினார்கள். அந்தப் பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் ஓட்டுகிற சைக்கிள் கடையில் தட்டுப்பாடு வந்தது. அப்படியா, சரி என்று நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது என்று சொன்ன தாய்மாரும் உண்டு. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் புதுக்கோட்டைக்குள் நுழைந்தபோது ஊரே வாயடைத்து நின்றது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

விளைவு என்ன? விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக அண்ணன் தம்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீருக்கு நடந்தே தேய வேண்டாம். பஸ் வரவில்லை என்று வேலையை விட வேண்டாம். தேயிலைக் கூடையைச் சுமந்து மேடு ஏறி இறங்குகிற நம் தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தின் அருமையும் தோளின் வலியும் உங்களுக்குத் தெரியாததா?

இது ஓர் ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் பீகார் மாநில அரசு 2006ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற மாணவியருக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்தத் திட்டத்தால் உயர்நிலை வகுப்பில் உரிய வயதில் சேர்ந்த மாணவியர் தொகை 32 விழுக்காடு கூடியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மூளை குறைவாக இருந்ததா? இல்லை. தூரம்தான் அதிகமாக இருந்தது. தமிழ்நாட்டிலும் 2001ஆம் ஆண்டு முதல் இலவச சைக்கிள் திட்டம் தொடங்கி, பிறகு அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிந்தது.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, உங்கள் மகள் சைக்கிள் கேட்டால் “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?” என்று கேட்காதீர்கள். “எந்த ரோட்டில் போவே? எத்தனை மணிக்குப் போவே? யாரோட போவே? பிரேக் பிடிக்குதா?” என்று கேளுங்கள். மகனிடமும் இதே நாலு கேள்வியைக் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் இரண்டு பேரையும் அனுப்புங்கள். சரியாக இல்லாவிட்டால் இரண்டு பேரையும் நிறுத்துங்கள். அதுதான் நீதி.

இனி ஆண் பிள்ளைகளின் விஷயம். தம்பிகளே, இதைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி, விடியற்காலை மூன்று மணிக்குமேல், ஜொகூர் பாருவில் ஒரு பெரிய சாலையில் பையன்கள் கூட்டமாக சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாசிகல் லாஜாக் என்று சொல்வார்களே, பிரேக்கைக் கழற்றி, ஹேண்டிலைத் தாழ்த்தி, வேகத்துக்காக மாற்றிய சைக்கிள்கள். ஒரு கார் வந்து மோதியது. எட்டுப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். எல்லாரும் 13 வயது முதல் 16 வயது வரை. வழக்கு மேல் நீதிமன்றம் வரை போய், 2023ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியவரை விடுவித்தது. யார் மேல் பழி என்று பேச நான் வரவில்லை. எந்தத் தீர்ப்பு வந்தாலும் அந்த எட்டு வீட்டில் எட்டுத் தட்டு குறைந்தது குறைந்ததுதான்.

உங்களில் ஒரு கெட்டிக்காரத் தம்பி கேட்கலாம்: “ஐயா, நம்ம நாட்டு வீரர் அஜிசுல்ஹாஸ்னி அவாங் பிரேக் இல்லாத சைக்கிள்லதானே ஓட்டுறாரு?” உண்மைதான். திரங்கானு மாநிலத்து டுங்குனில் பிறந்த அவர் 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். 2017இல் உலக வெற்றியாளர் ஆனார். 2021ஆம் ஆண்டு தோக்கியோவில் வெள்ளி வென்றார். அவர் ஓட்டுகிற பந்தய சைக்கிளில் பிரேக் கிடையாது. ஆனால் அது ஓடுகிற இடம் எது? வட்ட அரங்கம். எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். எதிரே காய்கறி லாரி வராது, குறுக்கே நாய் ஓடாது. அந்த சைக்கிளின் அமைப்பும் வேறு. பெடலும் சக்கரமும் சேர்ந்தே சுற்றும், பெடலைத் தடுத்தால் சக்கரத்தின் வேகமும் குறையும். அப்படிப்பட்ட அரங்கத்திலேயே 2011ஆம் ஆண்டு மேன்செஸ்டரில் அவர் விழுந்தபோது, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மரச் சிம்பு அவருடைய கெண்டைக்காலைத் துளைத்துக்கொண்டு போனது. மருத்துவரும் பயிற்சியாளரும் பக்கத்தில் நிற்கிற இடத்தில் அந்தக் கதி என்றால், ரிங்லெட் இறக்கத்தில் உனக்கு யார் நிற்கிறார்கள் தம்பி?

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். மூன்று மாடி உயரம், அதாவது பத்து மீட்டர் இறக்கம் என்று வையுங்கள். காற்றும் உராய்வும் தடுக்காவிட்டால், பிரேக் பிடிக்காமல் விட்ட சைக்கிள் அந்த இறக்கத்தின் அடியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்கும். இல்லை, நிற்காது, அதுதான் பிரச்சினை! காற்று தடுப்பதால் கொஞ்சம் குறையும். ஆனால் நம் மலையில் இறக்கம் பத்து மீட்டரோடு முடிவதில்லையே! மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், “ஐயோ லாரி!” என்று நினைக்கிற ஒரு விநாடிக்குள் எட்டு மீட்டர் போய்விடுவான். இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகும். இது அறிவியல். உங்கள் தைரியத்தைப் பார்த்து இது மாறாது.

சரி, இந்த மலையில் எப்படித்தான் ஓட்டுவது? பெற்றோரும் பிள்ளைகளும் மனத்தில் வைக்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, அளவு. “வளர்ற புள்ளதானே, அடுத்த வருசமும் ஆகட்டும்” என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, சைக்கிளுக்கு ஆகாது. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால் விரல்களும் தரையைத் தொட வேண்டும். கைவிரல்கள் பிரேக் பிடியைச் சிரமமில்லாமல் எட்ட வேண்டும்.

இரண்டாவது, புறப்படும் முன் சோதனை. காற்று, பிரேக், செயின் என்ற மூன்றே சொல். டயரை அழுத்திப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுங்கள், பிறகு பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளுங்கள். சக்கரம் சுற்றக் கூடாது. பிரேக் பிடி ஹேண்டிலைத் தொடுகிற அளவுக்கு வந்தால் கம்பி தளர்ந்துவிட்டது என்று பொருள். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால் அன்று நடந்துதான் போக வேண்டும். செயின் தொங்கினால் கழன்றுவிடும். அரை நிமிட வேலை இது.

மூன்றாவது, இறக்கம். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தலைகுப்புறத் தூக்கி எறியும். பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் வழுக்கும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டு, வேகம் ஏறுவதற்கு முன்பே பிடித்துவிட்டுப் பிடித்துவிட்டு இறங்குங்கள். நீண்ட இறக்கத்தில் அழுத்திக்கொண்டே போனால் ரிம் சூடேறிவிடும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் தேடாதீர்கள், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மிகவும் செங்குத்தாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஏற்றத்திலும் அப்படியே. மூச்சு வாங்கினால் தள்ளுங்கள். தள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் விவரம் இல்லாதவன். லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறுவதை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள்.

நான்காவது, மழையும் பனிமூட்டமும். நம் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. முதலில் லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்து, பிறகு அழுத்த வேண்டும். காய்கறித் தோட்டத்து லாரி சிந்திய மண், பாசி, ஈர இலை, ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடு, எல்லாம் மழையில் வழுக்கும். குடையைக் கையில் பிடித்து ஓட்டக் கூடாது. மூட்டத்தில் நீங்கள் ரோட்டைப் பார்த்தால் போதாது, மற்றவர்கள் உங்களைப் பார்க்க வேண்டும். மஞ்சள் அல்லது வெளிர் நிற மழைச்சட்டை, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. கறுப்புச் சட்டை மாலை மூட்டத்தில் மறைந்துபோகும்.

ஐந்தாவது, உடையும் சுமையும். தங்கைகளே, பாஜு கூரோங்கின் ஓரமும் துப்பட்டாவின் நுனியும் செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஆளையே கவிழ்த்துவிடும். செயினுக்கு மூடி போட்ட சைக்கிளாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், துணியை ஒதுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். புத்தகப் பையை இரண்டு தோளிலும் மாட்டுங்கள், அல்லது கேரியரில் கட்டுங்கள். ஹேண்டிலில் பை தொங்கவிட்டால் திருப்பம் தடுமாறும். தலைக்கவசம் போட்டு, தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாரை இறுக்குங்கள். தளர்ந்த தலைக்கவசம் தொப்பிக்குச் சமம்.

ஆறாவது, ரோட்டு மரியாதை. இடப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். மூன்று பேர் ஏறாதீர்கள். வாரக் கடைசியிலும் பள்ளி விடுமுறையிலும் சமவெளியிலிருந்து கார்கள் வரிசையாக வரும். மலை வளைவு பழகாதவர்கள் பலர் அதில் இருப்பார்கள். அந்த நாளில் பெரிய ரோட்டை விட்டுத் தள்ளியே இருங்கள்.

படிவம் ஐந்து முடித்துக் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் வேலைக்கோ மேற்படிப்புக்கோ இறங்கிப்போகிற அண்ணன் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ரோடு சமம், ஆனால் ஆபத்து வேறு. நின்ற காரின் கதவு சட்டென்று திறக்கும், அதனால் ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்கள். நீண்ட லாரியோ பஸ்ஸோ இடப்பக்கம் திரும்ப நின்றால் அதன் இடுக்கில் நுழையாதீர்கள். ஓட்டுநருடைய கண்ணாடியில் நீங்கள் தெரிய மாட்டீர்கள். வடிகால் மூடியின் நீளமான இடுக்கில் சக்கரம் மாட்டும், பார்த்துப் போங்கள். தலைநகரின் நடுவில் 2018ஆம் ஆண்டில் சைக்கிளுக்கென நீல நிறப் பாதை போட்டார்கள். பாதை இருந்தாலும் கண் திறந்திருக்க வேண்டும். இங்கே பழகிய பிரேக் பழக்கம் அங்கேயும் உங்களைக் காக்கும்.

கடைசியாகப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். நம் தோட்டங்களில் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத ஆள் உண்டா? தொழிற்சாலையில் பெரிய பெரிய இயந்திரத்தையே பிரித்துப் பூட்டுகிற கை உங்கள் கை. பள்ளித் திடலுக்கு இரண்டு ஸ்பேனர், ஒரு காற்றுப் பம்பு, கொஞ்சம் எண்ணெய், சில ஜோடி பிரேக் ரப்பர் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் சைக்கிளை எடுத்து வரட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்து கொடுங்கள். அன்றைக்கே, ஓட்டத் தெரியாத பெண் பிள்ளைகளுக்குத் திடலில் கற்றுக்கொடுங்கள். அம்மாமார்களும் ஆசைப்பட்டால் ஏறிப் பார்க்கட்டும். புதுக்கோட்டையில் கல் உடைத்த தாய் ஏறினாள், தேயிலை பறிக்கிற தாய் ஏற முடியாதா? இதற்கு ஆகிற செலவு மிகச் சொற்பம். பிரேக் ரப்பரின் விலையைப் பிள்ளையின் உயிரோடு எந்தத் தகப்பனும் ஒப்பிட மாட்டான்.

பிள்ளைச் செல்வங்களே, நீங்கள் இன்னும் எத்தனையோ மேடு ஏற வேண்டியவர்கள். ஏறுங்கள், வாழ்த்துகிறோம். ஏறுகிற ஒவ்வொருவரும் மாலையில் பத்திரமாக இறங்கி வீடு வந்து சேர வேண்டும். லயத்து வாசலில் ஒரு ஜோடி கண் உங்களுக்காக ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.